இரண்டாவது சிசேரியனுக்கு வராத கன்னியம்மா

1. காலியாகக் கிடந்த கட்டில்

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த நாளில் கன்னியம்மா வரவில்லை.

தியேட்டர் தயாராக இருந்தது. கொதிக்க வைத்து எடுத்த கருவிகள் துணி மூடிக் காத்திருந்தன. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யூசுப் ராயப்பேட்டையிலிருந்து தன் பழைய காரில் வந்து, காபி குடித்து, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அதை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அடையாறில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நான் உதவி டாக்டர். ஒரு வார்டு, ஒரு லேபர் ரூம், ஒரு தியேட்டர், அவ்வளவுதான். அதை நடத்திய அம்மையாரைப் பேர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை. பெரிய டாக்டர் என்போம். இப்போது பிரசவ வார்டுக்கு வரும் இளம் டாக்டர்கள் ஸ்கேன் இல்லாமல் ஒரு கர்ப்பிணியைப் பார்த்ததே இருக்காது. எங்களிடம் கை இருந்தது, காது இருந்தது, வயிற்றின்மேல் வைத்துக் கேட்கும் மரக்குழல் ஒன்று இருந்தது.

கன்னியம்மா ஊரூர் குப்பத்துப் பெண். மீன் விற்பவள். முதல் பிரசவம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சிசேரியன். குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த குழந்தைக்கு எங்களிடம் வந்தாள். பெரிய டாக்டர் அந்த ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட வெட்டு என்று தெரிந்தது. மேலிருந்து கீழாக வெட்டியிருப்பதைவிட அது தேவலை. ஆனாலும் தழும்பு தழும்புதான். பிரசவ வலி வரும்போது அது பிரிந்துகொண்டால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அதனால் பெரிய டாக்டருக்கு ஒரே சட்டம். முன்பு சிசேரியன் ஆனவளுக்கு வலி வருவதற்கு முன்பே நாள் பார்த்து மறுபடியும் ஆபரேஷன். கன்னியம்மாவிடம் நாளைச் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"பயந்துகிட்டு நாளைக்கு வருவா. நீ வேற கேஸைப் பாரு" என்றார் பெரிய டாக்டர்.

என்னால் வேறு கேஸைப் பார்க்க முடியவில்லை. ஒரு பெண்ணின் பி.பி.யை இரண்டு தடவை எடுத்துவிட்டு, இரண்டு தடவையும் எவ்வளவு என்று மறந்துபோனேன். கடைசியில் பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ரிக்ஷாவுல போ. நடந்து போகாதே" என்றார்.

2. படகுக்குப் பின்னால்

பெசன்ட் நகரில் அப்போதுதான் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் செங்கல்லும் மணலும். சைக்கிள் ரிக்ஷா ஓரிடத்துக்கு மேல் போகாது என்று ரிக்ஷாக்காரர் இறக்கிவிட்டுவிட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தேன்.

குடிசை வாசலில் கன்னியம்மாவின் புருஷன் ஏகாம்பரம் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அவள் எங்கே என்று கேட்டேன். பாலவாக்கத்தில் அவள் ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் கையை நிறுத்திவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

நான் அந்தப் பக்கம் போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் மறுபுறம் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்து, தலையைக் கவிழ்த்து, வாய் திறக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வலி வந்துவிட்டது. அது அடங்கும்வரை நான் பேசவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"இம்மாந்தூரம் எதுக்கும்மா வந்தே?" என்றாள்.

எப்போதிலிருந்து வலி என்று கேட்டேன். விடிந்ததிலிருந்து என்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு ஒளிக்காமலே பதில் சொன்னாள்.

"வந்தா அறுப்பீங்க. தலை வெளிய தெரிஞ்சப்புறம் வரலாம்னு கீறேன். அப்ப அறுக்க முடியாதில்ல?"

தழும்பு உள்ளவள், கடற்கரை மணலில், பக்கத்தில் ஒரு மருத்துவச்சிகூட இல்லாமல் நிற்கிறாள். உள்ளே ரத்தம் போக ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவளுடைய கண்ணில் இருந்தது பிடிவாதம் இல்லை. வேறு ஏதோ. அதனால், போன தடவை என்ன நடந்தது, சொல்லு என்றேன்.

"வவுத்துல உதைச்சிக்கினு இருந்த புள்ளம்மா அது. வண்டில போம்போதுகூட உதைச்சிது. அங்க போனதும் மூஞ்சில எத்தையோ வெச்சு அமுக்கினாங்க. முழிச்சிப் பாத்தா வவுத்துல கட்டு. புள்ள எங்கன்னு கேட்டேன். கேட்டவங்கல்லாம் மூஞ்சிய திருப்பிக்கினு போனாங்க. கத்தி பட்டுத்தானே செத்துது?"

ஏகாம்பரம் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் மெல்லச் சொன்னான்: "எங்கைலயும் ஒண்ணும் சொல்லலம்மா. துணில சுத்திக் குட்தாங்க. வாங்கிக்கினு வந்தேன்."

அவர்களுக்குத் தெரியாத விஷயம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய டாக்டர் விசாரித்தபோது வெட்டு எப்படிப் போட்டார்கள் என்பதோடு, ஏன் போட்டார்கள் என்பதையும் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது கன்னியம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்து, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி விழுந்துவிட்டது. கொடி நசுங்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது. காப்பாற்றத்தான் அவசரமாக வெட்டினார்கள். குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். ஆனால் அதனால் தொடர்ந்து மூச்சு விட முடியவில்லை.

அங்கேயே மணலில் நின்று இதைச் சொன்னேன். கொடி என்பது எது, அது எப்படி நசுங்கும் என்று என் கைவிரலைப் பிடித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வலி வந்தது. அவள் படகைப் பிடித்துக்கொண்டாள். அடங்கியதும், "அப்பறம்?" என்றாள். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"அய்துச்சா அது?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

அவள் கடல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இப்ப இன்னா பண்ணப் போறே?"

நான் பெரிய டாக்டரைக் கேட்காமல் வாக்குக் கொடுக்கக்கூடியவள் இல்லை. ஆனாலும் கொடுத்தேன். வலி ஒழுங்காகப் போகிறவரைக்கும் கத்தி கிடையாது. நான் உன் பக்கத்தை விட்டு நகரமாட்டேன். தழும்பு தாங்காது என்று எனக்குத் தெரிந்தால் அதை உன்னிடம்தான் முதலில் சொல்வேன். அப்போது நீ மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

"மூஞ்சில வெச்சு அமுக்கக் கூடாது" என்றாள்.

அதற்கு வேறு டாக்டர் இருக்கிறார், அவரிடம் கேட்கிறேன் என்றேன்.

"பொய் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

3. பெரிய டாக்டரின் கோபம்

காத்திருந்த ரிக்ஷாவில் நாங்கள் இரண்டு பேர். ஏகாம்பரம் பக்கத்திலேயே ஓடிவந்தான். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பல்ஸை எண்ணிக்கொண்டே வந்தேன்.

பெரிய டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து, என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கர்ப்பப்பை வாய் பாதி திறந்துவிட்டது, தலை இறங்குகிறது, குழந்தை பெரிசில்லை என்றார். அதுவரை சாதாரணக் குரல். அதற்குப் பிறகு குரல் மாறியது.

"தானாப் பொறக்குதான்னு பாக்க ட்ரயல் குடுக்கறேன்னு யாரைக் கேட்டு சொன்னே? தழும்பு கிழிஞ்சு ரப்சர் ஆனதை நீ பாத்ததில்லை. நான் பாத்திருக்கேன். நல்லா பேசிக்கிட்டிருப்பா. வலி திடீர்னு நின்னுடும். அப்பாடான்னுகூடச் சொல்லுவா. அப்புறம் நமக்கு நேரமே இருக்காது."

கன்னியம்மா சொன்னதை மட்டும் திரும்பச் சொன்னேன். குழந்தையைக் கத்தி கொன்றதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்றேன்.

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வலியை அதிகப்படுத்தும் ட்ரிப் எதுவும் போடக்கூடாது. யாரும் வயிற்றை அமுக்கக்கூடாது. சாப்பாடு கிடையாது. கால் மணிக்கு ஒரு தடவை பல்ஸ், குழந்தையின் இதயத் துடிப்பு. வலிக்கும் வலிக்கும் நடுவில் தழும்புமேல் கை வைத்துப் பார்க்கவேண்டும். ரத்தம் தயாராக இருக்கவேண்டும். தியேட்டரை அப்படியே வைக்கவேண்டும்.

"யூசுப் போகக் கூடாது" என்றார் கடைசியாக.

டாக்டர் யூசுப் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். கதவைத் திறந்ததும், மத்தியானக் கேஸை வேறொருவரிடம் சொல்லிவிட்டதாகவும், சாப்பாடு மட்டும் வேண்டும் என்றும் சொன்னார். முகத்தில் எதையும் வைத்து அமுக்கக் கூடாது என்று அந்தப் பெண் கேட்கிறாள் என்றேன். அவர் யோசித்தார். ரத்தம் போகாமல் இருந்தால் முதுகில் ஊசி போட்டுவிடலாம், முழித்துக்கொண்டே இருப்பாள், ரத்தம் போனால் அந்தப் பேச்சு கிடையாது என்றார். அதையும் அப்படியே கன்னியம்மாவிடம் சொன்னேன்.

ரத்தம் கொடுக்க ஏகாம்பரமும், பின்னாலேயே வந்து சேர்ந்த அவன் தம்பியும் போனார்கள். புயலில் கடலுக்குப் போகிற ஆட்கள்தான். ஊசியைப் பார்த்ததும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான் என்று நர்ஸ் வந்து சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

4. கை வைத்தபடி

பிரசவ வேலையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எப்படிக் காத்திருப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பல்ஸ் சரியாக இருந்தது. குழந்தையின் துடிப்பு சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வலி கொஞ்சம் தாமதமானால், ஏன் தாமதம் என்று நினைப்பேன். வேகமாக வந்தால், ஏன் இத்தனை வேகம் என்று நினைப்பேன். நர்ஸ் கொண்டுவந்து வைத்த காபி ஆடை கட்டிப்போயிற்று. வார்டில் யாரோ ஒரு டம்ளரைக் கீழே போட்டார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

கன்னியம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ குந்தும்மா" என்றாள். "எனக்குத்தான் வலி."

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம்தான் திறக்கவேண்டும் என்றார். அவர் முகத்தில்கூட ஒரு நம்பிக்கை தெரிந்தது. நார்மலாகவே ஆகிவிடும் என்று என் மனசும் ஒரு பக்கம் சொல்ல ஆரம்பித்தது. அந்த ஆசையை ஒதுக்கி வைப்பதுதான் அன்று எனக்குக் கடினமாக இருந்தது. பல்ஸை எண்ணும்போது, குறைவாக இருக்கவேண்டும் என்று விரும்பிக்கொண்டு எண்ணக்கூடாது.

அதற்குப் பிறகுதான் பல்ஸ் ஏறியது. அதிகம் இல்லை. களைப்பாக இருக்கலாம். தாகமாக இருக்கலாம். மறுபடி எண்ணினேன். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரு வலி வந்து அடங்கியது. வயிறு தளர்ந்தது. தழும்புக்கு நேரே கையை வைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நோவுதா?"

"அங்க மட்டும் நோவுது. வலி போனாலும் அது போவமாட்டேங்குது."

இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். இது வரக்கூடாது என்றும் காத்திருந்தேன். நர்ஸிடம் பெரிய டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். குழந்தையின் துடிப்பைக் கேட்டேன். இருந்தது. வலியின்போது மெதுவாகி, பிறகு பழைய வேகத்தைப் பிடிக்க முன்பைவிட நேரமெடுத்தது. ஆனால் இருந்தது.

அவளிடம் நேராகச் சொன்னேன். தழும்பு தாங்கவில்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருந்தால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதே தியேட்டருக்குப் போகவேண்டும்.

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உயிரோட கீதா?"

"இருக்கு."

"போன தபாவும் அப்டித்தான் இருந்துது."

மரக்குழலை வைத்து அவள் தன் வயிற்றைத் தானே கேட்க முடியாது. என் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன். துடிப்பு கேட்ட இடத்தில் வட்டை அழுத்தி வைத்தேன். கொஞ்சம் நகர்த்தினேன். அவள் நெற்றி சுருங்கியது. ஒன்றும் கேட்கவில்லையோ என்று மறுபடி நகர்த்தப் போனேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

"இன்னா இம்மாம் வேகமா ஓடுது."

குழந்தைக்கு அப்படித்தான் ஓடும் என்றேன். அடுத்த வலி வந்தது. வலி உச்சத்துக்குப் போகும்போது அந்த ஓட்டம் தளர்ந்ததை அவளும் கேட்டிருக்கவேண்டும். காதிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

"சீக்கிரம் எடு" என்றாள். "உள்ள வேணாம். எடுத்துடு."

5. தியேட்டர்

ரத்தப்போக்கு வெளியே தெரியவில்லை. பி.பி. இறங்கவில்லை. டாக்டர் யூசுப் தன் சொல்லைக் காப்பாற்றினார். முதுகில் ஊசி போட்டு, அவள் தலைமாட்டில் நின்று, என்னென்ன தெரியும், என்ன தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கத்தியை எடுத்தார். நான் எதிரில் நின்று உதவி செய்தேன்.

வயிற்றைத் திறந்ததும் இருவர் கையும் ஒரு கணம் நின்றது. பழைய தழும்பு இருந்த இடத்தில் தசையே இல்லை. மெல்லிய சவ்வு ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதன் வழியே குழந்தையின் கறுப்பு முடி தெரிந்தது. அடுத்த வலியோ, அதற்கடுத்த வலியோ போதும், அது கிழிந்திருக்கும். பெரிய டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உடனே குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

பெண் குழந்தை. வெளியே வந்ததும் அது அழவில்லை. நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு ஓரத்து மேஜைக்குப் போனாள். சளியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முதுகைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து கன்னியம்மா ஒன்றும் கேட்கவில்லை. என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. என் இரண்டு கையும் அவள் வயிற்றுக்குள் இருந்தன.

பிறகு அது அழுதது. முதலில் ஒரு கீச்சு. அப்புறம் நல்ல அழுகை.

"அய்துக்கினு கீது" என்றாள் கன்னியம்மா, டாக்டர் யூசுப்பிடம், அவருக்குக் கேட்கவில்லை என்பதுபோல.

"ஆமாம்மா, அழுது" என்றார் அவர். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கன்னத்தருகே வைத்தாள். தையல் போட்டு முடியும்வரை அங்கேயே வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. எடுத்துக்கொண்டு போ என்று பெரிய டாக்டர் சொல்லவில்லை.

6. பிறகு

இரண்டு நாள் கழித்து, வார்டில் கன்னியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே என்ன பார்த்தோம், எப்படித் தைத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு குழந்தை வேண்டுமா என்று புருஷனோடு நன்றாக யோசிக்கவேண்டும், உண்டானால் இந்தத் தடவை மாதிரி ட்ரயல்கூடக் கிடையாது, வலி வருவதற்கு முன்னாலேயே வந்துவிடவேண்டும் என்றார். ஏன் என்றும் சொன்னார். கன்னியம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டாள். இத்தனை கேள்வி இவளிடம் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ட்ரயல் கொடுத்தது சரிதானா என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். அதே மாதிரித் தழும்போடு நல்லபடியாக நார்மலாகப் பெற்றவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். தழும்பைக் கண்டு பயப்படவேண்டிய அளவுக்குப் பயப்படத்தான் வேண்டும். ஆனால் அன்று அவளை அழைத்து வந்தது என் வாக்குறுதி அல்ல என்பது எனக்கு நிச்சயம். தன் குழந்தைக்கு என்ன நடந்தது என்று ஒருவர் அவளுக்குச் சொன்னதுதான் அழைத்து வந்தது. தழும்பைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். அதைச் சுமப்பவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அதிலிருந்து, முன்பு சிசேரியன் ஆன பெண் யார் வந்தாலும் வயிற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன். போன தடவை ஏன் ஆபரேஷன் செய்தார்கள் என்று உங்களிடம் என்ன சொன்னார்கள்?

குப்பத்துக்காரர்களுக்கு, படிக்காதவர்களுக்கு இது தேவைப்படும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே வருஷம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துபவர், முதல் குழந்தை சிசேரியன். புருஷன் வக்கீல், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாமியிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மா பேக்கை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே டாக்டர்" என்றார். "ஆத்துல அவர்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சுண்டிருந்தேன். அவர் என்கிட்ட டாக்டர் சொல்லியிருப்பார்னு நெனச்சுண்டிருக்கார்."

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.